சுதையும் சுவர்ணமும்: தங்கவயல் வீட்டுச் சுவர் சொன்ன சரித்திரம்

ஸ்தல புராணங்களும் மகான்களின் சரிதங்களும் வரும் நமது இதழில், ஒரு வீட்டின் வெளிச்சுவரைப் பற்றி நாலு பக்கம் எழுத வந்துவிட்டானே இவன் என்று வாசகர்கள் நினைக்கலாம். அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதிய கை இது. அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1984 இல் நான் எங்கள் பூர்வீக வீட்டுக்கு ஒரு தவறு செய்தேன். அதைத் திருத்த 38 வருஷம் ஆயிற்று. அந்தத் தவறின் கதையோடு ஊரின் கதையும் பின்னிக் கிடப்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீடு கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறது. மைசூர் ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரைத் தாங்கிய பேட்டை அது. ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, சுரங்கக் கம்பெனி ஆபீஸில் கணக்கெழுதிய என் தாத்தா 1920களின் கடைசியில் கட்டிய வீடு. கருங்கல்லும் செங்கல்லும் கலந்து, மண் சாந்தில் எழுப்பிய சுவர்கள். வெளியே சுண்ணாம்புக் காரை. அதன் மேல் வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்து, அடியில் இரண்டு முழத்துக்குக் காவி பூசுவார்கள்.

தங்கம் எடுத்த ஊர்

தங்கவயலின் சரித்திரம் தெரியாத இளைய தலைமுறைக்காக சுருக்கமாகச் சொல்கிறேன். 1880 இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் இங்கே கால் வைத்தார்கள். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று நான்கு பெரிய சுரங்கங்கள் எழுந்தன. பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை போனார்கள். 120 வருஷத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். 1956 இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. 1962 இல் அவை மத்திய அரசிடம் வந்தன. 1972 இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டது.

இந்தச் சுரங்கங்களுக்காகத்தான் காவேரியில் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைத்து, 1902 ஜூன் 30 அன்று சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். அன்றைய உலகில் அவ்வளவு தூரம் மின்சாரம் போன இடங்கள் மிகச் சில. அத்திட்டத்துக்கு முன்னின்று பாடுபட்டவர் பாலக்காட்டிலிருந்து போய் மைசூர் திவானாக 18 வருஷம் இருந்த சர் சேஷாத்ரி ஐயர். 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டதால், விளக்கு எரிந்ததை அவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்த மின்சாரம் கோடையிலும் தடையின்றி வரவேண்டும் என்பது, 1911 இல் கண்ணம்பாடி அணை கட்டத் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம். அவ்வளவு பெரிய அணையையும் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்ந்த சுர்க்கிக் காரையில்தான் கட்டினார்கள். அதற்கு முன் 1895 இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையும் அப்படித்தான்.

சுண்ணாம்புக்கும் தங்கத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. அரைத்த பாறைப் பொடியிலிருந்து சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் முறை 1887 இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அது தங்கவயலுக்கும் வந்தது. அந்தக் கரைசல் எப்போதும் காரத்தன்மையோடு இருக்க வேண்டும். சற்றுப் புளித்தாலும் உயிரைக் குடிக்கும் விஷவாயு கிளம்பிவிடும். அதைக் காரமாக வைத்திருக்கச் சேர்த்தது சாட்சாத் நம் வீட்டுச் சுண்ணாம்புதான். தங்கவயலில் சுண்ணாம்பு இல்லாமல் தங்கமும் இல்லை, சுவரும் இல்லை.

அமிர்தமும் அதுவே

நம் பெரியவர்கள் சுண்ணாம்புப் பூச்சைச் சாதாரணமாக நினைக்கவில்லை. சம்ஸ்கிருதத்தில் 'சுதா' என்றால் அமிர்தம். அதே சொல்லுக்குச் சுண்ணாம்பு, வெள்ளைப் பூச்சு என்றும் பொருள். அதைத்தான் தமிழில் சுதை என்கிறோம். கோபுரத்தில் நிற்கும் துவாரபாலகர்களும் யாளிகளும் சுதை வேலைதான். 6ஆம் நூற்றாண்டில் வராஹமிஹிரர் எழுதிய பிருஹத் ஸம்ஹிதையில் 'வஜ்ரலேபம்' என்று ஒரு பகுதியே இருக்கிறது. விளாங்காய் போன்றவற்றைக் காய்ச்சி எடுத்துக் கட்டடங்களுக்குப் பூசும் பசை அது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்துச் சுதையைப் பழுது பார்க்கிறோம். வெளிப்பூச்சு என்பது நிரந்தரமில்லை, சுவருக்காகத் தன்னை இழக்கும் பொருள், அதை மறுபடி மறுபடி புதுப்பிக்க வேண்டும் என்ற ஞானம் அதில் இருக்கிறது.

சென்னைப் பட்டணத்து 'சுண்ணம்' வெள்ளைக்காரர்களையே மயக்கியது. கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மாவாக அரைத்து, மூன்று பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவும் தயிரும் சேர்த்து, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்ப்பார்களாம். சலவைக்கல் என்றே பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். எங்கள் தாத்தா வீடு கட்டியபோது மேஸ்திரி முட்டை கேட்டிருக்கிறார். "பெருமாள் இருக்கற ஆத்துச் சுவர்ல முட்டையா? நன்னா இருக்கு!" என்று பாட்டி ஒரே பிடிவாதம் பிடித்தாளாம். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தயிரும்தான் சேர்ந்தன. முட்டை இல்லாததால் சுவர் ஒன்றும் குறைந்து போகவில்லை.

இதெல்லாம் மூடநம்பிக்கை இல்லை. ரசாயனம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 100 கிலோ சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் அது கொதித்து நீறும். சுவரில் பூசியபின், இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மறுபடி கல்லாகிறது. வெல்லத்தின் சர்க்கரை, சுண்ணாம்பைத் தண்ணீரில் அதிகமாகக் கரைய வைக்கிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து காரையைப் பதப்படுத்துகிறது. சுட்ட செங்கல்லின் பொடியோ சுண்ணாம்போடு சேர்ந்து, ஈரத்திலும் இறுகும் குணத்தைத் தருகிறது.

நடுங்கும் ஊரில் சுவர்

தங்கவயலில் சுவருக்கு வேறு ஊர்களில் இல்லாத ஒரு சோதனை உண்டு. ஆழத்தில் பாறையைத் தோண்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றி, மேலே இருக்கும் மலையளவு பாரம் அழுத்திக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் பாறை தாங்காமல் வெடித்துச் சிதறும். ஆரம்பத்தில் இதை 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். பிறகு 'ராக் பர்ஸ்ட்' என்ற பெயர் நிலைத்தது. அதைத் தாங்கிக்கொள்ளச் சுரங்கத்துக்குள்ளேயே கருங்கல் சுவர்கள் கட்டினார்கள். இதை ஆராயவே 1988 இல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் ஏற்பட்டது.

நான் சிறு பையனாக இருந்தபோது ராத்திரி திடீரென்று தரை ஒரு உதறு உதறும். அலமாரியில் அடுக்கிய பித்தளைப் பாத்திரங்கள் கலகலவென்று சப்திக்கும். எங்கள் வீட்டில் விளக்கைப் போட்டு, "பெருமாளே" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வோம். தொழிலாளர் லைன்களில் அப்படி இல்லை. பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு "எந்த ஷாஃப்ட்? எந்த ஷாஃப்ட்?" என்று கேட்டபடி இருட்டில் ஓடுவார்கள். அப்பா மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து எண்ணிக்கையைச் சொல்லும்போது அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

அந்த லைன்களில் வெகுகாலம் மூங்கில் தட்டிச் சுவர்தான், மேலே தகரம். உரிகத்துத் துரைமார் பங்களாக்களுக்கும் எங்களைப் போன்றோர் வீடுகளுக்கும் காரை பூசி மெழுகியவர்கள், தங்கள் சொந்தச் சுவருக்கு மண்ணும் சாணமும்தான் பூசினார்கள். இதை இன்று எழுதும்போது மனம் கூசுகிறது. அன்று அது கண்ணில் படவே இல்லை.

காலையில் தாத்தா வீட்டைச் சுற்றி வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார். மயிரிழை போல வெடிப்பு இருக்கும். "மழை வந்தா தானே மூடிண்டுடும்" என்பார். அது உண்மை. வெடிப்பில் இறங்கும் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவந்து, காயும்போது அங்கேயே விட்டுவிடும். அது காற்றுப் பட்டுக் கல்லாகி வெடிப்பை அடைத்துவிடும். பள்ளிக்கூடம் அதிகம் போகாத தாத்தா இதைக் கண்ணால் தெரிந்து வைத்திருந்தார். பி.எஸ்ஸி. படித்த பேரன் மறந்து போனேன்.

1984 இல் நான் செய்தது

சிமெண்ட் நம் தேசத்துக்குப் புதிதல்ல. 1824 இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டை, 1904 இலேயே சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு தயாரிக்க முயன்றார்கள். 1914 இல் போர்பந்தரில் ஆலை நிலைத்தது. ஆனால் எங்கள் வாலிப காலத்தில் சிமெண்ட் என்பது பெர்மிட்டுக்கு வரிசையில் நின்று வாங்கும் வஸ்து. கல்யாணப் பத்திரிகையைக் காட்டிச் சர்க்கரை வாங்கிய காலம் அது. 1982 இல் பாதிக் கட்டுப்பாடு தளர்ந்தது, 1989 இல் முழுவதும் நீங்கியது. கையில் காசு இருந்தால் மூட்டையாக சிமெண்ட் கிடைக்கும் என்ற நிலை வந்ததும் எல்லோருக்கும் ஒரு மயக்கம் வந்தது. எனக்கும்தான்.

அப்பாவின் சஷ்டியப்த பூர்த்திக்கு வீட்டைப் புதுசு போல ஆக்கவேண்டும் என்று ஆசை. காரை அங்கங்கே பொரிந்து உதிர்ந்திருந்தது. வழக்கமாக வரும் வயதான மேஸ்திரியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசச் சொன்னேன். அவர் கரணையின் பிடியால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேணாம் சாமி. உள்ளே மண் சாந்து. இது அசையற சுவரு, ஈரம் குடிச்சு ஈரம் விடற சுவரு. சிமெண்ட் போட்டா இறுக்கிப் பிடிச்சுக்கும். அப்புறம் சுவரையே இழுத்துக்கிட்டு வரும்" என்றார்.

நான் சிரித்தேன். "நான் கெமிஸ்ட்ரி படிச்சவன் மேஸ்திரி. எது பலம்னு எனக்குத் தெரியும்" என்றேன். அவர் பதில் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

பங்காரப்பேட்டையிலிருந்து வேறு ஆட்களைக் கொண்டு வந்து வேலையை முடித்தேன். கிழக்கு, வடக்கு, தெற்கு மூன்று பக்கமும் பூசி முடித்தபோது மூட்டையும் தீர்ந்தது, பணமும் தீர்ந்தது. பின்பக்கம், பழைய மாட்டுக்கொட்டில் பக்கத்து மேற்குச் சுவரைத் தாத்தா காலத்துக் காரையோடு அப்படியே விட்டுவிட்டோம். அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணம். சஷ்டியப்த பூர்த்திக்கு வந்தவர்கள் எல்லாம் "வீடு பங்களா மாதிரி இருக்கு" என்றார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பின்சுவரின் சாட்சி

நாலைந்து வருஷத்தில் உள்பக்கம் ஓதம் ஏறியது. பூஜை அறைச் சுவரில் உவர் பூத்தது. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தேன். கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. வெளியே நடுக்கங்களால் சிமெண்டில் வலை வலையாக வெடிப்பு விழுந்தது. சிமெண்ட் வெடிப்பு தானே மூடிக்கொள்ளவில்லை. அதன் வழியே உள்ளே போன மழைநீர் வெளியே வர வழி தெரியாமல், மண் சாந்தைக் கரைத்தது. உத்தியோகம் காரணமாக நான் வெளியூரில். அப்பா காலமான பிறகு வீடு பூட்டியே கிடந்தது. சுரங்கம் மூடியபின் இறைக்கும் பம்புகளும் நின்றன. ஆழத்தில் தண்ணீர் ஏறியது. அப்போதும் நடுக்கம் முற்றிலும் நிற்கவில்லை.

2021 இல் நான் போய்ப் பார்த்தபோது தெற்குச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குப் பூச்சு பாளமாகக் கழன்று, செங்கல்லின் மேல் தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. மேஸ்திரி சொன்ன அதே சொல். வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி, "இடிச்சுட்டு மனையா வித்துடலாம்" என்றான். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. கடைசியாக ஒரு முறை சுற்றி வரலாம் என்று பின்பக்கம் போனேன்.

மேற்குச் சுவர் அப்படியே நின்றது.

தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும் மோதுவது அந்தச் சுவரில்தான். சயனைடு மேடுகளின் தூசி காற்றில் வந்து அடிப்பதும் அங்கேதான். மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட மண் அங்கே மலைகளாகக் குவிந்து கிடப்பதை தங்கவயல் போனவர்கள் பார்த்திருப்பார்கள். காரை பழுத்து, கறுத்து, ஓரிரு இடத்தில் உதிர்ந்திருந்தது. ஆனால் உள்ளே கை வைத்தால் சுவர் காய்ந்திருந்தது. விஞ்ஞானச் சோதனையில் மாற்றம் எதுவும் செய்யாமல் ஒரு மாதிரியை ஒப்பிடுவதற்காக ஒதுக்கி வைப்போம். பணம் போதாமல் நான் விட்ட சுவர் 37 வருஷமாக அந்த வேலையைச் செய்திருக்கிறது. ஒரே வீட்டை வைத்து விதி எழுதக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் அஸ்திவாரமும் ஒன்று, கல்லும் ஒன்று, கட்டிய கையும் ஒன்று. வித்தியாசம் நான் போட்ட சிமெண்ட் மட்டும்தான்.

திருத்தம்

தம்பியிடம் ஒரு வருஷம் அவகாசம் கேட்டேன். பழைய மேஸ்திரியைத் தேடினேன். அவர் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவருடைய மகன், அறுபதைத் தாண்டியவர், தங்கவயலின் ஆயிரக்கணக்கானவர்களைப் போல விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர். அங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் சிமெண்ட் வேலை. "அப்பா கூடச் சின்ன வயசுல காரை அரைச்சிருக்கேன் சாமி. கை மறந்திருக்காது" என்றார்.

2022 மாசியில் ஆரம்பித்தோம். முதலில் சிமெண்டை உளியால் பொறுமையாக எடுத்தோம். பிறகு வெயில் காலம் முழுவதும் ஒன்றும் செய்யாமல் சுவரைக் காயவிட்டோம். இதுதான் எனக்கு மிகக் கஷ்டமான வேலை. அதற்குள் கல் சுண்ணாம்பைக் குழியில் நீற்றி வாரக்கணக்கில் ஊறப்போட்டார். கடுக்காயை இடித்து ஊறவைத்து வெல்லம் சேர்த்தார். சந்துகளை மண்ணும் சுண்ணாம்பும் கலந்து அடைத்து, மணலும் செங்கல் பொடியும் சேர்த்த காரையால் முதல் பூச்சு, அது இறுகியபின் இரண்டாவது, கடைசியில் சன்னமாக அரைத்த பூச்சு. சாரத்தின் மேல் நின்று மணியாசுக் கட்டையால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, தினமும் ஈரச் சாக்கு போட்டுக் காப்பாற்றினார். ஒருவர் சயனைடு மேட்டு மணல் சல்லிசாகக் கிடைக்கும் என்று யோசனை சொன்னார். அதிலுள்ள கந்தக உப்புக்கள் பூச்சை ஊதிப் பிளக்கும் என்று இந்த முறை நான் படித்த கெமிஸ்ட்ரியைச் சரியான இடத்தில் பயன்படுத்தினேன்.

செலவு சிமெண்ட் பூச்சைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இன்னும் ஈரம் தெரிகிறது, மறைக்க விரும்பவில்லை. பூஜை அறையில் உவர் நின்றுவிட்டது. இடிக்கும் பேச்சைத் தம்பி எடுப்பதில்லை.

சென்னை சேப்பாக்கத்துக் கலச மஹாலையும் ஹுமாயூன் மஹாலையும் பொதுப்பணித் துறையினர் புதுப்பித்தபோது, சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய முறைக்கே போனார்கள். அரண்மனைக்குச் சரி என்றால் அக்ரஹாரத்து வீட்டுக்கும் சரிதான். நம் உறுப்பினர்களில் பலருக்கு ஊரில் இன்னும் பழைய வீடு இருக்கும். பூச்சு உதிர்கிறது என்று சிமெண்ட் மூட்டைக்குச் சொல்லி அனுப்பும் முன், உள்ளே இருப்பது எந்தச் சாந்து என்று ஒரு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள். மண்ணோ சுண்ணாம்போ என்றால் சுண்ணாம்பே பூசுங்கள். புதிய சிமெண்ட் வீட்டுக்குச் சிமெண்ட் போதும், அதில் சண்டையில்லை. காரை வேலை தெரிந்த கை கிடைத்தால் அவருக்குக் கேட்ட கூலியைக் கொடுத்து, கூடவே ஒரு இளைஞனையும் வேலைக்கு வைத்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த அன்று மகன் மேஸ்திரி, தன் தகப்பனாரைப் போலவே கரணையின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். "சத்தம் நல்லா இருக்கு சாமி" என்றார். 1984 இல் அவருடைய அப்பாவிடம் நான் பேசியதை அவரிடம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். "தெரியும் சாமி. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு" என்றார்.